நான்கு மொழிக்கு ஒரு பொத்தான்

கைப்பேசிச் செயலியின் திரையை ஒரே வரைவாக எழுதாமல், பொத்தான், உள்ளீட்டுக் கட்டம், பட்டியல் வரிசை எனத் தனித்தனிக் கூறுகளாகச் செய்து, வேண்டிய இடத்தில் பொருத்திக்கொள்ளும் முறை இன்று நிலைபெற்றுவிட்டது. 2015இல் வெளிவந்த ரியாக்ட் நேட்டிவ், 2018இன் இறுதியில் முதல் நிலைப்பதிப்புக் கண்ட ஃபிளட்டர், 2019இல் ஆப்பிள் அறிவித்த சுவிஃப்ட்யூஐ, 2021இல் நிலைப்பதிப்பான ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸ் ஆகியவை தமக்குள் வேறுபட்டாலும் இந்த அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. திரையைத் துண்டாக்குவது எளிது; தனக்கு வெளியே இருப்பதைப் பற்றி எதையும் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளாத துண்டைச் செய்வதே கலை.

அக்கலையை உரசிப் பார்ப்பதற்கு மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனின் சுங்கை பினாங் போன்ற பன்மொழி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. அங்குள்ள கடைக்கெனச் செய்யப்படும் செயலி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் தாங்க வேண்டுமானால், மலாயில் ‘பாயார்’ என்றும் சீனத்தில் இரண்டே எழுத்தாகவும் நிற்கும் பொத்தானில் தமிழ் ‘பணம் செலுத்துக’ என நீள்கிறது. பொத்தானின் அகலத்தை எண்ணால் கட்டிவைத்தவரின் திரையில் ‘பணம் செ’ என்பதோடு சொல் முடிந்துவிடுகிறது. உள்ளிருக்கும் சொல்லே அகலத்தைத் தீர்மானிக்கட்டும் என விட்டவருக்கு நான்கு மொழியும் ஒன்றே.

அகலத்தைவிட நுட்பமானது உயரம். மேலே சுழியும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘நூ’வும் இலத்தீன் எழுத்துகளுக்கென வகுத்த வரிக்குள் அடங்குவதில்லை. ஆண்ட்ராய்டு நெடுங்காலம் இத்தகைய எழுத்துருக்களின் வரியளவைச் சுருக்கியே கையாண்டது. சுருக்காத இயல்பான உயரத்தைக் கேட்டுப் பெறும் பண்பு ஒன்று 2014இன் ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது. 2024இன் பதினைந்தாம் பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகளில் தமிழ் உள்ளிட்ட பத்து எழுத்துமுறைகளுக்கு அதுவே இயல்புநிலையாயிற்று. இடைப்பட்ட பத்தாண்டுகளில், எழுத்தைக் காட்டும் வேலையை ஒரே கூறிடம் ஒப்படைத்திருந்தவர் அப்பண்பை ஓரிடத்தில் எழுதினால் போதுமாயிருந்தது. திரைதோறும் நகலெடுத்து ஒட்டியவர் திரைதோறும் திருத்த வேண்டியிருந்தது. கூறுகளை நிருவகிப்பது என்பதன் முழுப்பொருளும் இவ்வேறுபாட்டில் அடங்கும்.

பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் சின்னஞ்சிறு கூறு இன்னொரு நல்ல சோதனை. ‘தமிழ்’ என்னும் சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. யுனிகோடில் ஐந்து குறியீடு. மொழியறியாத கூறு முதல் குறியீட்டை மட்டும் எடுத்து முருகனை ‘ம’ ஆக்கிவிடும். சுவிஃப்ட் மொழி எழுத்தை முழு அலகாகவே எண்ணுவதால் ‘மு’ தானாகவே கிடைக்கிறது; பிற நிரல்மொழிகள் பலவற்றில் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றின் உச்சமாக விசைமுகத்தைச் சொல்லலாம். 1985இல் முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கிய மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் என்னும் தமிழ் உள்ளீட்டுச் செயலி, 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமாகி, எண்விசைக் கைப்பேசியிலிருந்து தொடுதிரைக்கு வந்தது. 2014இல் ஐஓஎஸ் எட்டாம் பதிப்பு வெளியார் விசைமுகங்களை அனுமதித்தபின், இத்தகைய கூறு அங்கும் பிறர் செயலிகளுக்குள் விருந்தாளியாக நுழைந்தது. கட்டம் எண்ணுக்கானதா, மின்னஞ்சலுக்கானதா என்பதை வீட்டுக்காரர் சொல்கிறார். விருந்தாளி எழுத்தைக் கொடுக்கிறது. ஐஓஎஸில் கடவுச்சொல் கட்டத்துக்குள் அதற்கு இடமில்லை. ஒருவர் செய்த கூறு தான் அறியாத ஆயிரம் செயலிகளில் பழுதின்றி இயங்குவதே கூறாக்கத்தின் உண்மையான வெற்றி. அதற்குள்ளும் தேர்வுகள் உள்ளன: ‘கொ’வை அழிக்கும்போது குறி மட்டும் போக வேண்டுமா, எழுத்தே போக வேண்டுமா என்பது நிரலில் ஒரு வரி, பயனரின் கைக்கோ அது நாள்தோறும் பட்டறியும் பண்பு.

எல்லோருக்கும் இசைய வேண்டுமென்று ஒரே பொத்தானுக்கு இருபது விருப்பத்தேர்வுகளைப் பூட்டுவோரும் உண்டு. அது நெகிழ்வன்று, முடிவெடுக்கத் தயங்குவது. இரண்டு பொத்தான்களே மேல். பினாங்கிற்கெனச் செயலி செய்வோர் கூறுகளின் மாதிரித்தொகுப்பில் முதல் நாளே தமிழ்ச் சொற்களை இட்டு, எழுத்தளவை இருமடங்காக்கிச் சோதிக்க வேண்டும். தமிழைக் கடைசியில் சேர்க்கும் மொழிபெயர்ப்புக் கோப்பாக மட்டும் வைத்திருப்பவரின் பொத்தான், எத்தனை அழகாய் இருந்தாலும், அரைகுறை வேலைதான்.