அடுத்து எதை வாசிப்பது? காசிம் புலவர் திருப்புகழை முன்வைத்து

அரபுக் கல்லூரிகளில் ஷஃபான் மாதத்தில் தேர்வுகள் முடிந்து நீண்ட விடுமுறை தொடங்கும். சில ஆண்டுகளுக்கு முன், ஊருக்குப் புறப்பட்ட மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், பாடத்துக்காக இல்லாமல், மகிழ்ச்சிக்காகத் தமிழில் வாசிக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டார். இலக்கிய வரலாற்று நூல்களில் உள்ள வரிசைப்படியே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். 1572இல் தோன்றிய ஆயிர மசலா அதில் முதலில் நின்றது. சீறாப்புராணம், முகியித்தீன் புராணம், குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள் ஆகியன தொடர்ந்தன. ஷவ்வாலில் திரும்பிய மாணவர் பட்டியலைத் தயக்கத்துடன் திருப்பித் தந்தார். எந்த நூலிலும் பத்துப் பக்கத்தைத் தாண்ட இயலவில்லை என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி நாம் எழுதுவனவற்றில் பெரும்பகுதி பட்டியலாகவே இருக்கிறது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என வகைகளை அடுக்குகிறோம். நூல்களை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். அவற்றுள் எதனை நாம் இரண்டாம் முறை விரும்பி வாசித்தோம் என்று மட்டும் சொல்வதில்லை. ஆயிர மசலாவுக்கு அதன் ஆசிரியர் வைத்த மற்றொரு பெயர் அதிசய புராணம் என்பதாகும். கேட்போர் வியந்து மகிழ வேண்டும் என்னும் நோக்கத்தைப் பெயரிலேயே வைத்த நூலை, நாம் காலவரிசையின் முதல் எண்ணாக மாற்றிவிட்டோம். போற்றப்படும் நூல் வாசிக்கப்படாமல் போவதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

மகிழ்ச்சிக்காக வாசிப்பது மார்க்கக் கல்வி பயில்வோருக்குத் தகுமோ என்னும் ஐயமும் உண்டு. பயன் தராத கல்வியிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் இன்பமும் பயனும் ஒன்றையொன்று விலக்குவன என்று நம் முன்னோர் கருதவில்லை. ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ், தம் கிதாபுல் ஹயவானில் ஆழ்ந்த பொருளோடு நகைச்சுவையையும் கலந்தே எழுதினார். வாசகர் சோர்ந்து நூலை மூடிவிடக் கூடாது என்பதே அதற்கு அவர் காட்டிய காரணம்.

எனவே அம்மாணவரிடம் வேறு விதமாகக் கேட்டேன்: "பாடமாக இல்லாமல், தானாகவே உம் நாவில் வருவது எது?" தயங்காமல் "புர்தா" என்றார். பூஸீரி இமாம் அவர்களின் அக்கஸீதாவை அவர் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர். அப்படியானால் அடுத்த நூல் காயல்பட்டினத்துக் காசிம் புலவரின் திருப்புகழ்தான் என்றேன்.

இப்பரிந்துரைக்குக் காரணம் உண்டு. அரபு யாப்பை வகுத்த கலீல் இப்னு அஹ்மத், ஃபஊலுன், மஃபாஈலுன் என்னும் வாய்பாடுகளால் ஓசையை அளந்தார். புர்தாவின் பஸீத் என்னும் யாப்பை முஸ்தஃப்இலுன் ஃபாஇலுன் என்று நம் மாணவர்கள் ஓதிப் பழகுகின்றனர். தமிழ்ச் சந்தப்பாவும் தத்த, தந்த, தான என்னும் குழிப்புகளால் அளக்கப்படுவது. வேறுபாடும் கவனிக்கத்தக்கது. அரபு அளவை, எழுத்துக்கு ஹரக்கத் உண்டா ஸுகூன் உண்டா என்பதையே பார்க்கிறது. தமிழ்ச் சந்தமோ ஒற்று வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்பதையும் கணக்கில் கொள்கிறது. தத்த வேறு, தந்த வேறு, தய்ய வேறு. அறூழ் பயின்ற செவிக்கு இது அயலானதன்று. பழகிய கலையின் நுட்பமான மற்றொரு வடிவம்.

காசிம் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பாட எடுத்துக்கொண்ட வடிவம், திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழ் வடிவம். சந்தத்தை ஏட்டில் பார்த்து மட்டும் பாடிவிட முடியாது. அடிதோறும் மாறாத ஓசையும் இறுதியில் விழும் தொங்கலும் பலகாலம் செவியில் தங்கியிருந்தாலன்றிக் கைகூடா. காயலின் முஸ்லிம் புலவர் அருணகிரியாரை விரும்பிக் கேட்டிருக்கிறார் என்பதற்கு அவரது நூலே சான்று. இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் அன்று. அருணகிரியார் பாடலிலும் 'சலாம்' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது.

ஓசையோடு அமைப்பிலும் ஒற்றுமை தெரிகிறது. புர்தா பிரிவுத் துயரில் தொடங்கி, நஃப்ஸின் மயக்கங்களை எண்ணி வருந்தி, பின்னரே நபிபுகழுக்கு வருகிறது. திருப்புகழ்ப் பாடல்கள் பலவும் தன்னை நொந்துகொள்ளும் முற்பகுதியிலிருந்தே போற்றுதலுக்குத் திரும்புகின்றன. புகழுக்கு முன் தன்னிழிவை உணரும் இப்போக்கு, இரு மொழிகளிலும் பக்திக் கவிதை தானே கண்டடைந்த ஒழுங்கு எனலாம்.

மாணவர் காசிம் புலவரை வாசித்து முடித்தார். பின்னர் அவர் கேட்ட கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. "இனி அருணகிரிநாதரையே வாசிக்கலாமா, ஹஜ்ரத்?" என்றார். கிரிவலப் பாதையில் அப்பாடல்களைக் கேட்டவாறே கல்லூரிக்கு வருபவர் அவர். அக்கேள்வியின் பின்னிருந்த அச்சம் எனக்கு விளங்கிற்று. ஊர் என்ன சொல்லும், நாளை தாம் இமாமாக நிற்கும் மஹல்லா என்ன சொல்லும் என்னும் அச்சம் அது.

நான் அவருக்கு நம் பாடத்திட்டத்தையே நினைவூட்டினேன். முஅல்லகாத்தை நாம் பாடமாக நடத்துகிறோம். இம்ரவுல் கைஸ் ஜாஹிலிய்யாக் காலத்தவர். அவர் பாடிய காதலும் களியாட்டமும் நம் ஒழுக்கமல்ல. எனினும் குர்ஆனின் மொழியை அறிய அக்கவிதை வேண்டும் என ஆலிம்கள் அதனைப் பாதுகாத்தனர். ஒரு கவிஞரின் கொள்கையை ஏற்பது வேறு, அவர் மொழியின் சுவையை அறிவது வேறு என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது. அரபுக்குத் தரும் இவ்வுரிமையைத் தமிழுக்கு மறுப்பது நேர்மையாகாது. காசிம் புலவர் ஈமானை இழந்து சந்தத்தைப் பெறவில்லை. பெற்ற சந்தத்தைக் கொண்டு நபிபுகழ் பாடினார்.

திருப்புகழ் அச்சேறிய வரலாறும் இதனையே உணர்த்துகிறது. நீதித்துறையில் பணியாற்றிய வ. த. சுப்பிரமணிய பிள்ளை, சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கொன்றில் சான்றாகக் காட்டப்பட்ட ஒரு திருப்புகழ்ப் பாடலின் இனிமையில் ஈடுபட்டார். அந்த ஒரு பாடலே அவரை ஊர் ஊராகச் சுவடி தேட வைத்தது. அப்படித் திரட்டிய பாடல்களை 1890களில் அவர் பதிப்பிக்கத் தொடங்கினார். வழக்குக்குப் பயன்பட்டதோடு அப்பாடலை அவர் விட்டிருந்தால் இழப்பு நமக்கே.

பட்டியல்கள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஆய்வாளருக்கு அவை இன்றியமையாதவை. வாசகருக்கோ, அவர் விரும்பிய நூலே அடுத்த நூலைக் காட்டும். அந்நூலின் ஆசிரியர் யாரை விரும்பிக் கேட்டார் என்று விசாரித்தால் போதும். இப்போதெல்லாம் ஷஃபான் விடுமுறைக்கு முன் மாணவர்களுக்கு நான் பட்டியல் கொடுப்பதில்லை. எது நாவில் தங்கியிருக்கிறது என்று கேட்கிறேன். ஒரே ஒரு நூலைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.