கிண்ணத்தில் இறுகும் க்ரீம்
ஷேவிங் க்ரீமைக் கிண்ணத்தில் பிதுக்கி, பரப்பி, மெல்லிய துணியால் மூடிக் காற்றாட வைத்தால் நாளடைவில் சோப்பாக இறுகும். இரண்டும் ஒரே குடும்பம்தானே: ஸ்டியரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துச் செய்பவை. க்ரீமில் தண்ணீர் கூடுதல். அது வற்ற வற்ற, பளபளப்பு மங்கி, ஓரம் கிண்ணத்தை விட்டு விலகும். ஈரப் பிரஷ்ஷைச் சுழற்றினால் நுரைக்கு வேண்டியது மட்டுமே ஒட்டி வரும். டியூபைப் பிதுக்கும் கையோ எளிதில் அளவு மீறும். உண்மையான சிக்கனம் இதுதான்.

நேராகச் சோப்பே வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், ஆனால் பழகிய க்ரீமின் வழவழப்பு எல்லாச் சோப்பிலும் வாய்க்காது. காயும்போது மணம் சற்றுக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளிசரின் இருப்பதால் கல்லாக இறுகாது என்பது குறையல்ல. அந்த இளக்கம்தான் பிரஷ்ஷுக்கு வசதி. ஸ்ப்ரே டப்பா நுரைக்கு மட்டும் இந்த முறை உதவாது.