கைமாறிய மைக்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மாத்தூரில் நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸின் மாடியில் டிவிக்கு முன்னால் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தோம். நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய இரண்டு தம்பிகள் சேஃப்டி ஷூவைக் கையில் வைத்தபடி வாசலிலேயே நின்றார்கள். தமிழ் பிக் பாஸ் எட்டாவது சீசன் தொடங்குகிறது. ஏழு சீசன்களாகக் கமல்ஹாசன் நின்ற இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார்.

அந்த மேடை எங்களுக்குத் தூரத்து இடமில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி பக்கம் போனால் செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி; பிக் பாஸ் செட் அங்கேதான். அந்தப் பக்கத்துக் கம்பெனி பஸ்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகின்றன. ஊரே பார்க்கும் அந்த வீடும் எங்கள் கம்பெனி லைன்களும் ஒரே நெடுஞ்சாலையோரம்தான்.

வருடக்கணக்காக ஒருவர் ஓட்டிய மெஷினில் புது ஆள் நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வந்தவன் முதலில் பழைய ஆளைப் போலவே ஓட்டிப் பார்ப்பான். அங்கேதான் பீஸ் வீணாகும். அந்த செட்டிங் போனவரின் கைக்குப் பழகியது. நல்ல ஆபரேட்டர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வான். அன்று இரவு முழுக்க இதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

கமல் விட்டுப்போன இடம் லேசானதல்ல. 2017 ஜூனில் தொடங்கியபோதே, வீட்டுக்குள் இருப்பவர்களைப் பார்க்கும் திரைக்கு ‘அகம் டிவி’ என்று சொல்ல அவரால் முடிந்தது. அவர் வாக்கியம் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து வரும். சிலவற்றின் பொருள் மறுநாள் டீக்கடையில்தான் பிடிபடும். நான்காவது சீசனிலிருந்து வாரக் கடைசிகளில் புத்தகங்களைப் பரிந்துரைத்தார். ராத்திரி பத்து மணிக்கு, அத்தனை பேர் பார்க்கும் நிகழ்ச்சியில், ஒரு நடிகர் புத்தகத்தைக் கையில் எடுத்துக் காட்டுவதற்காகவே சனி, ஞாயிறு காத்திருந்தவன் நான். 2024 ஆகஸ்டில் அவர் விலகுவதாக அறிவித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்படி இடம் மாறுவது எங்கேயும் சுலபமாக நடந்ததில்லை. 2007-இல் இந்தியில் வந்த கோடீஸ்வர வினாடி வினா நிகழ்ச்சியில் அமிதாப் பச்சனின் நாற்காலியில் ஷாருக் கான் உட்கார்ந்தார். அத்தனை பெரிய நட்சத்திரத்துக்கும் அது ஒரே சீசன்தான்; அடுத்து வந்தபோது மறுபடியும் அமிதாப். தெலுங்கு பிக் பாஸ் மூன்று வருடத்தில் ஜூனியர் என்டிஆர், நானி, நாகார்ஜுனா என மூன்று பேரைப் பார்த்தது. நிகழ்ச்சி அதேதான். நடத்துபவரின் குரல் மாறினால் வீட்டின் காற்றே மாறிவிடுகிறது.

விஜய் சேதுபதி கமலின் செட்டிங்கைத் தொடவே இல்லை. நிகழ்ச்சிக்கு வைத்த வாசகம் ‘ஆளும் புதுசு, ஆட்டமும் புதுசு’. விளம்பர வாசகம்தான். ஆனால் முதல் அரைமணி நேரத்திலேயே அதை நம்பினேன். மேடைத் தமிழே கிடையாது, வீட்டில் பேசுகிற பேச்சு. முன்னமே ‘நம்ம ஊரு ஹீரோ’, ‘மாஸ்டர் செஃப்’ நடத்தியவர் என்பதால் கேமரா அவருக்குப் புதிதல்ல. என் காதில் விழுந்தது அதற்கும் முந்தைய பழக்கம். ராஜபாளையத்தில் பிறந்து எண்ணூரில் வளர்ந்தவர். கடையில் விற்பனையாளர், உணவகத்தில் கேஷியர், டெலிபோன் பூத், துபாயில் கணக்காளர் என்று வேலை பார்த்தவர். கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்கும் கணக்கு எழுதத்தான் போனார். எதிரே நிற்கும் ஆளுக்கு என்ன வேண்டும் என்று இரண்டே வார்த்தையில் கேட்டு வாங்குவது கல்லாவில் நின்றவனுக்குத் தானாக வரும்.

போட்டியாளர்கள் பதினெட்டுப் பேர். எல்லோரிடமும் மனப்பாடம் செய்துவந்த வாக்கியம் ஒன்று இருக்கும். சாதாரணமாகத் தொகுப்பாளர் அதைக் கேட்டுவிட்டு, கைதட்ட விட்டு, உள்ளே அனுப்பிவிடுவார். இவர் அந்த வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை இடுக்கி, பாதிச் சிரிப்போடு அதே சொல்லைக் கேள்வியாகத் திருப்பித் தருவார். வந்தவர் ஒரு கணம் முழிப்பார். அந்த முழிப்புக்குப் பிறகு வருவதுதான் அவருடைய சொந்தப் பேச்சு. அந்த ஒரு கணத்தை நிரப்பாமல் விட்டுவைப்பதைத்தான் நான் கலை என்கிறேன். டிவியில் மௌனத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

சாதம் வடித்துவிட்டு மாடிக்கு வந்த மெஸ் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பொண்ணு பாக்க வந்த எடத்துல எங்க மாமன் கேக்குற மாதிரியே கேக்குறாரு தம்பி.” இதைவிடச் சரியாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அன்று உள்ளே போனவர்களில் சாச்சனாவும் ஒருவர், ‘மகாராஜா’ படத்தில் விஜய் சேதுபதிக்கு மகளாக நடித்தவர். நடத்துபவருக்கு இதைவிடத் தர்மசங்கடம் என்ன இருக்கிறது? சீசனின் முதல் வெளியேற்றம் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள். சக போட்டியாளர்கள் அனுப்பியது அந்தப் பெண்ணைத்தான். பிறகு திரும்பி வந்தார் என்பது வேறு கதை.

குறையும் சொல்ல வேண்டும். போகப்போக அந்தக் கேள்வி சில நாள் அவசரப்பட்டது. திக்கித் திக்கிப் பேசுகிறவரும் சுற்றி வளைப்பவரும் ஒன்றல்ல. முதலாமவருக்கு இன்னும் நாலு நொடி தரலாம், தராமல் வெட்டிய இடங்கள் உண்டு. முதல் நாள் இருந்த பொறுமை ஒவ்வொரு வாரமும் கூடவே வந்திருக்கலாம்.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் போராட்டம் அப்போது ஒரு மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மெஸ்ஸில் அந்த நாட்களின் பேச்சில் பாதி, யார் யார் சொல்வதைக் கேட்கிறார்கள் என்பதுதான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்கிற மனிதரைத் திரையில் பார்த்தது அதனாலும் பிடித்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு பி ஷிப்ட். திரும்புகிற பஸ்ஸில் விளக்கை அணைத்திருந்தார்கள். சீட்டுக்கு சீட் போன் வெளிச்சம். பக்கத்துத் தம்பி தன் இயர்போனில் ஒரு முனையை என்னிடம் கொடுத்தான். திரையில் ஒருவர் நடந்ததைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். “ஏன்னு கேளுண்ணா,” என்று தம்பி போனைப் பார்த்து முணுமுணுத்தான்.

கேட்டார்.