பாட்டும் துப்பாக்கியும்

குதிரை ஏறினான், கிதாரை மீட்டினான், கொடியவனை வீழ்த்தினான்! 1935-ஆம் ஆண்டில் ஜீன் ஆட்ரி நடித்த ‘டம்பிளிங் டம்பிள்வீட்ஸ்’ வெளிவந்தபின் அமெரிக்காவிலே பெருகிய பாடும் கௌபாய் படங்களின் கதை பெரும்பாலும் இதுவே. செலவோ சிறிது, ஓடும் நேரமோ ஏறத்தாழ ஒரு மணி.

வேலையின்மை வாட்டிய அந்நாளில் ஏழை எளியோர் இவற்றை ஏன் விரும்பினர்? நிலத்தை விழுங்க வந்த பேராசைக்காரன் திரையிலேனும் தோற்றான். அந்த ஆறுதலை நாம் எள்ளி நகையாடோம். பாட்டும் இனிமையானதே.

ஆனால், இனிமை உண்மையை மறைக்கலாமா? தனியொருவன் பாடித் தீர்க்கும் துயரா ஏழையின் துயர்? மேற்கே மந்தை ஓட்டியவர்களில் கறுப்பர் ஆயிரக்கணக்கானோர். திரையிலோ வெள்ளையரே வீரர்! 1937-ஆம் ஆண்டில் ‘ஹார்லெம் ஆன் தி ப்ரெய்ரி’ படத்தில் ஹெர்ப் ஜெஃப்ரீஸ் பாடி வந்தபோதுதான் கறுப்பின மக்கள் தம்மவன் ஒருவனை அக்குதிரைமீது கண்டனர். அதையும் பெரும்பாலும் தமக்கென ஒதுக்கப்பட்ட அரங்குகளிலேதான் கண்டனர்!

பாட்டைச் சுவைப்போம், தோழர்களே! பாட விடப்படாதவர் யார் என்றும் கேட்போம். சுவைக்கும் செவிக்குத் துணையாகக் கேள்வி கேட்கும் நெஞ்சும் வேண்டும்.