புல்லட்டின் சத்தத்தைப் பிரித்துக் கேட்பது எப்படி?

பழைய புல்லட் ஒன்று தெருவுக்குள் நுழைந்தால் எல்லோர் காதும் சைலன்சர் பக்கம்தான் போகும். அந்த 'டப் டப்'புக்கென்றே ரசிகர் கூட்டம் உண்டு. அதற்கு அடியில் இன்னும் ஏழெட்டுச் சத்தங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் வண்டி ஓட்டுவதில் வேறொரு சுகம் கிடைக்கும். மெக்கானிக் ஷெட்டில் கொடுக்கும் பணமும் குறையும்.

பழகுவதற்கு ஏற்றது காஸ்ட் அயர்ன் எஞ்சின் கொண்ட 350 புல்லட். 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா சென்னை திருவொற்றியூரில் தயாரித்தது; அரை நூற்றாண்டு பெரிய மாற்றமில்லாமல் ஓடிய எஞ்சின். ஒரே சிலிண்டர், 346 சிசி. பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஃப்ளைவீல் கனமானது. அதனால் மெதுவாகச் சுற்றினாலும் நின்றுவிடாது, ஒவ்வோர் அடியும் தனியாகக் காதில் விழும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஐடிலில் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் நொடிக்கு எட்டு அடி. ஆக்சிலேட்டரைத் திருகி 2,400 சுற்றைத் தொட்டால் நொடிக்கு இருபது. அதற்கு மேல் காதால் தனித்தனியாகப் பிடிக்க முடியாது. அடிகள் ஒன்றோடொன்று கரைந்து ஒரு குரலாகிவிடும். ஆளில்லாத சாலையில் விடிகாலையில் மெதுவாகத் திருகிக்கொண்டே போய், அது கரையும் இடத்தைப் பிடித்துப் பாருங்கள். புல்லட் ரசனையில் அரிச்சுவடி அதுதான். (அடி நன்றாகக் கேட்கவேண்டும் என்று ஐடிலை அநியாயத்துக்கு இறக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆயில் பம்ப்பை ஓட்டுவதும் அதே எஞ்சின்தான். சுற்று குறைந்தால் ராக்கருக்கு ஏறும் ஆயிலும் குறையும். சைலன்சர் மாற்றி ஊரை எழுப்புகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேறெந்தச் சத்தமும் கேட்கப்போவதில்லை.)

புதிதாக ஒரு சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். இரும்பு சத்தத்தைக் கடத்தும் பொருள். இடத்தைத் தேடினால் ஏமாற்றிவிடும். எதோடு சேர்ந்து தாளம் போடுகிறது என்று கேட்பதே நல்ல வழி. வெடிப்போடு சேர்ந்தா, எஞ்சினின் ஒவ்வொரு சுற்றோடுமா, சக்கரத்தோடா?

டேப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேம் சுற்றுவது எஞ்சினின் பாதி வேகத்தில். ஆகவே ஒவ்வொரு வால்வும் ஒரு வெடிப்புக்கு ஒருமுறைதான் தட்டும். சைலன்சர் அடியோடு அச்சுப் பிசகாமல் கூடவே வரும் மெல்லிய 'டிக் டிக்' அது. கொஞ்சம் கேட்பதில் தவறில்லை. சத்தம் போடுகிற டேப்பட் நல்ல டேப்பட் என்று மெக்கானிக்குகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வால்வு முழுதாக மூடி உட்கார்ந்தால்தான் தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்கும். டேப்பட்டை இறுக்கிச் சத்தத்தை அடக்கினால் வால்வு சரியாக மூடாமல் கருகிவிடும். இந்த எஞ்சினில் வலப்பக்க மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்க, அவை விரலால் சுற்றவேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. பின்னால் வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யுசிஇ எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட், தானே சரிசெய்துகொள்ளும். அதில் சூடான பிறகும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் முதலில் ஆயிலைப் பாருங்கள்.

காலையில் உதைத்ததும் 'கடக் கடக்' என்று கேட்டு, இரண்டு தெரு தாண்டுவதற்குள் அடங்கிவிட்டால் அது பிஸ்டன். அலுமினிய பிஸ்டன் இரும்பு பேரலைவிட அதிகமாக விரியும். சூடேறினால் இடைவெளி குறைந்து சத்தம் தேயும். வயதான வண்டியின் மூட்டுவலி, பயமில்லை.

பயப்படவேண்டியது இதற்கு நேர்மாறானது. சூடாகி ஆயில் இளகியபின் தொடங்கும், ஏற்றத்தில் இழுக்கும்போது கூடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி, அதாவது டேப்பட்டைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் கனமான 'டொக் டொக்'. காதைவிட ஃபுட்ரெஸ்ட்டில் முதலில் தெரியும். கனெக்டிங் ராடின் கீழ் பேரிங் தேய்ந்திருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போவதுதான் மலிவு. டாப் கியரிலேயே மேட்டில் திருகும்போது வரும் 'கிணிகிணி'யோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அது பெட்ரோல் முறைதவறி எரிவது. கியரைக் குறைத்தால் போய்விடும்; குறைத்த பிறகும் வந்தால் டைமிங்கையும் உள்ளே படிந்த கரியையும் பார்க்கவேண்டும்.

நியூட்ரலில் ஓடும்போது கேட்கும் முனகல், கிளட்ச்சைப் பிடித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பக்கத்தைச் சேர்ந்தது. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் வரும் 'பட் பட்' பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பைப் இணைப்பில் காற்று புகுவதால்.

இனி அதிர்வு. ஒற்றை சிலிண்டரின் ஆட்டத்தை ஃப்ளைவீலில் வைக்கும் எடையால் முழுதாக அடக்க முடியாது. மேலும் கீழுமாக ஆடுவதில் ஒரு பங்கை முன்னும் பின்னுமாக மாற்றிவிடலாம், அவ்வளவுதான். 2020இல் என்ஃபீல்டின் மீட்டியார் பைக்கில் வந்த புதிய 349 சிசி எஞ்சினில் எதிர்த்திசையில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட் வைத்துத்தான் அந்த ஆட்டத்தைக் குறைத்தார்கள். எனக்கு அது கொஞ்சம் சாதுவாகிப்போனதாகத் தோன்றுகிறது. பழைய வண்டியின் அதிர்வை ஹேண்டில்பாரிலும் டேங்கிலும் உடம்பு மனப்பாடம் செய்துகொள்ளவேண்டும். ஒருநாள் அது திடீரென்று கூடியிருந்தால் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளையும், ஹெட்டை ஃபிரேமோடு பிடிக்கும் பட்டையையும் இறுக்கிப் பாருங்கள். பல நேரம் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சாலையில் வரும் சத்தத்துக்கு ஒரு சோதனை. ஆளில்லாத நேர்ச்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து, எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். சத்தம் இறங்கிவிட்டால் எஞ்சின். அப்படியே தொடர்ந்து, வண்டியின் வேகம் குறையக் குறையத் தானும் மெதுவானால் சக்கரம், பேரிங், டயர், செயின். சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர்; வேகம் 60 என்றால் நொடிக்கு எட்டுச் சுற்று. செயினில் இறுகிய இடம் இருந்தால் அதைவிட நிதானமாக, சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்றுவதற்கு ஒருமுறை, இழுத்து விடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஹேண்டிலில் ஒரு 'டக்' என்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் கழுத்து பேரிங்.

ஸ்போக்குகளுக்குத் தனி ரசனை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சிறு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் ஓரத்தில் தட்டிக்கொண்டே வருவதுபோலத்தான். இறுகியது கணீரென்கும், தளர்ந்தது 'டப்'பென்று செத்துப்போய் ஒலிக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "அண்ணே, டேப்பட் சத்தம்" என்றால் டேப்பட்டைத்தான் திருகுவார். "சூடானபிறகு, மூணாவது கியர்ல, ஏத்தத்துல மட்டும் வருது, கிளட்ச் பிடிச்சா நிக்குது" என்று சொல்லுங்கள். அவர் நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டால், உங்களுக்கும் ஒருமுறை கேட்கத் தரச் சொல்லுங்கள்.