கூரை பறந்தது, வேலை போகவில்லை

திருவல்லிக்கேணி நடைபாதையில் போன வாரம் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. ஜாக் வெல்ச்சின் சுயசரிதை, 'ஜாக்: ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி கட்'. கடைக்காரர் நூறு சொன்னார், அறுபதுக்குக் கொடுத்தார். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு எம்.பி.ஏ. மாணவர் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். அவர் எங்கே கோடு போட்டார், எங்கே போடவில்லை என்பதுதான் இந்த வார விஷயம்.

வெல்ச்சைத் தெரியாதவர்களுக்கு: 1981 முதல் 2001 வரை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்குத் தலைவர். 'ஃபார்ச்சூன்' பத்திரிகை 1999-ல் 'நூற்றாண்டின் மேனேஜர்' என்று பட்டம் கொடுத்தது. முதல் ஐந்து வருஷத்தில் அவர் ஆட்களைக் குறைத்த வேகத்தில் இன்னொரு பட்டமும் வந்தது: 'நியூட்ரான் ஜாக்'. நியூட்ரான் குண்டு போட்டால் மனுஷன் போய்விடுவான், கட்டடம் அப்படியே நிற்கும் அல்லவா, அந்தக் கணக்கு. சும்மா இல்லை. 1980 கடைசியில் 4,11,000 பேர். 1985 கடைசியில் 2,99,000 பேர்.

புத்தகம் நன்றாகவே ஓடுகிறது. ஜான் பைர்ன் என்ற பத்திரிகையாளர் உடன் இருந்து எழுதியதால் போரடிக்கவில்லை. கிடர் பீபாடி என்ற பங்குச்சந்தை கம்பெனியை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். கோல்ஃப் பற்றி ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. தாண்டிப் போனால் நஷ்டமில்லை.

மஞ்சள் மார்க்கர் அதிகம் உழைத்திருப்பது 20-70-10 வருகிற பக்கங்களில். ஊழியர்களை மூன்றாகப் பிரி. மேலே இருபது சதவீதம் தங்கம், அள்ளிக் கொடு. நடுவில் எழுபது சதவீதம், தட்டிக் கொடு. கடைசி பத்து சதவீதம் கிளம்பலாம். வருஷா வருஷம் இதையே செய்.

வெல்ச் இதற்கு ஒரு நியாயம் சொல்கிறார். வேலைக்கு ஒத்து வராதவனிடம் இளம் வயதில் உண்மையைச் சொன்னால் வேறு இடம் தேடிப் பிழைத்துக்கொள்வான். 'பாவம்' என்று வைத்திருந்து ஐம்பது வயதில் சொன்னால்? பிள்ளை காலேஜில், வீட்டு லோன் பாதியில். அதுதான் நிஜமான கொடுமை என்கிறார். மறுக்க முடியவில்லை. முகத்துக்கு நேரே உண்மை பேசாத மேனேஜர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

இடிப்பது அந்த 'வருஷா வருஷம்'. முதல் வருஷம் நிஜமாகவே வேலை செய்யாதவர்கள் போவார்கள். சரி. மூன்றாவது வருஷம்? நல்லவர்களிலேயே யாராவது கடைசியில் நின்றுதான் ஆக வேண்டும். பத்துப் பேரை உயரப்படி நிற்க வைத்தால், பத்துப் பேரும் ஆறடி என்றாலும் ஒருவன் 'குள்ளன்' ஆகிவிடுவான்.

அப்போது மேனேஜர் என்ன செய்வார்? பதில் இதே புத்தகத்தில் இருக்கிறது. சில மேனேஜர்கள் அந்த வருஷம் எப்படியும் ரிட்டயர் ஆகப் போகிறவர்களின் பெயரைக் கடைசி பத்தில் சேர்த்துக் கொடுத்தார்களாம். ஓர் இடத்தில் இரண்டு மாதம் முன்பு இறந்துபோனவர் பெயரையே எழுதிவிட்டார்களாம்! வெல்ச் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவனைக் கை காட்ட மனசு வராமல், செத்தவர் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மேல்மாடிக்காரர் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். சில வருஷம் முன்பு மொட்டை மாடியில் சொன்னார்:

"பன்னிரண்டு பேர் சார். ராத்திரி பகல் பார்க்காம பிராஜெக்டை முடிச்சுக் கொடுத்தாங்க. ஆனா ஒருத்தரையாவது கடைசி பேண்டுல போட்டே ஆகணும்னு ஹெச்.ஆர்.ல சொல்லிட்டாங்க."

"யாரைப் போட்டீங்க?"

"பிரசவ லீவு முடிஞ்சு வந்த பொண்ணு. அவதான் சண்டை போட மாட்டா."

காரணம் என்று 'இனிஷியேட்டிவ் போதாது' என எழுதினாராம். அந்தப் பெண் நான்கு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டாள். இவருக்கு மனசு இன்னும் ஆறவில்லை.

இப்போது மார்க்கர் தொடாத பக்கத்துக்கு வருவோம். புத்தகத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது.

1960-ல் ஜி.இ.யில் சேர்ந்த வெல்ச், முதல் வருஷ முடிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆயிரம் டாலர் சம்பள உயர்வு என்றதும் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்கிறார். ரூபன் குடாஃப் என்ற மேலதிகாரி, டின்னருக்கு அழைத்துப்போய் மணிக்கணக்காகப் பேசி நிறுத்தி வைக்கிறார்.

1963-ல் அதைவிடப் பெரிய கூத்து. வெல்ச் பொறுப்பில் இருந்த பரிசோதனைத் தொழிற்சாலை வெடித்து, கூரை பறந்துபோகிறது. நல்லவேளை, யாருக்கும் பெரிய காயமில்லை. விளக்கம் சொல்லச் சுமார் நூறு மைல் கார் ஓட்டிப் போகிறார். வேலை போச்சு என்ற நினைப்பு. எதிரே சார்லி ரீட் என்ற உயர் அதிகாரி, எம்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். அவர் திட்டவில்லை. ஏன் வெடித்தது, இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய், சரிசெய்ய முடியுமா, தொடரலாமா என்று ஒரு வாத்தியார் மாதிரி கேட்கிறார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் 20-70-10 இருந்திருந்தால்? கூரையைப் பறக்கவிட்டவன் எந்தப் பத்தில் வருவான்? நூற்றாண்டின் மேனேஜர் 1963-லேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

புத்தகத்தின் பெரிய ஓட்டை இதுதான். தன்னை வளர்த்தெடுத்த முறை ஒன்று, தான் ஊருக்குச் சொல்லும் முறை வேறொன்று என்பதை ஆசிரியர் கவனிக்கவே இல்லை. அவரைக் காப்பி அடித்தவர்களும் கவனிக்கவில்லை. குரோட்டன்வில் பயிற்சி மையத்துக்குப் போய் ஊழியர்களின் எடக்குக் கேள்விகளுக்கு மணிக்கணக்கில் பதில் சொன்னார் வெல்ச். அதைக் காப்பி அடிக்க நேரமும் பொறுமையும் வேண்டும். 20-70-10-க்கு ஒரு எக்ஸெல் ஷீட் போதும்.

நான் பி.காம். ஒருவரை அனுப்பினால் மிச்சமாகும் சம்பளம் லாப நஷ்டக் கணக்கில் அதே வருஷம் தெரியும். மிச்சமிருக்கும் பதினொரு பேர் அடுத்த நாளிலிருந்து ஒருவருக்கொருவர் வேலை சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டால், அந்த நஷ்டத்தை எழுத எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது.

இப்படி வரிசை போட்டுக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் 2013-ல் அந்த முறையை விட்டது. வெல்ச் போன பிறகு ஜி.இ.யும் விட்டது. வெல்ச் 2020-ல் காலமானார். ஜி.இ. 2024-ல் மூன்று கம்பெனிகளாகப் பிரிந்து முடிந்தது. அதற்கு ஆயிரம் காரணம். எல்லாவற்றையும் இவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

புத்தகத்தை மேல்மாடிக்காரரிடம் கொடுத்துவிட்டேன், வெடி விபத்துப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி. படித்துவிட்டு வந்து, "அந்தப் பொண்ணு நம்பர் இன்னும் வெச்சிருக்கேன் சார்" என்றார். கூப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.