பின்னோக்கித் திரும்பிய முகம்

"இதில பேய் எங்க?" படம் முடிந்ததும் நண்பர் ஒருவர் சிரித்தார். 'தி விஜில்' (2019), கீத் தாமஸின் முதல் முழுநீளப் படம். வீட்டில் ஆறு பேராகப் பார்த்தோம்.

யூத மரபில் அடக்கம்வரை பிரேதத்தைத் தனியே விடுவதில்லை, காவலிருப்பவர் ஷோமர். புரூக்ளினில், ஹசிடிக் சமூகத்தைவிட்டு விலகிய யாக்கோவ் காசுக்காக ஓரிரவு காவலிருக்கிறான். இறந்தவர் நாஜி இனவழிப்பில் தப்பியவர். அவரைப் பீடித்திருந்த 'மாஸிக்'கின் தலை பின்புறம் திரும்பியது. அது கடந்தகாலத்தை மட்டுமே பார்க்கும்.

திடீர்ச் சத்தங்களுக்கு எல்லோரும் துள்ளினோம். அவை மலிவான உத்திகள். தன் படத்தின் மௌனத்தை இயக்குநரே நம்பவில்லை. விதவையாக வரும் லின் கோஹனின் முகமே எனக்குப் போதிய பயம்.

யாக்கோவின் தம்பியைத் தெருவில் யூத வெறுப்பாளர்கள் மறிக்கிறார்கள். அண்ணன் உறைந்து நிற்கிறான், தம்பி சாகிறான். அப்போது எங்களில் ஒருவரும் அசையவில்லை. ஊரில் தம்பியைப் பறிகொடுத்த நண்பர் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனார். கேத்தல் கொதித்து அடங்கியது. அவர் திரும்பி வரவில்லை.

பேயைத் தேடியவர் பிறகுதான் சிரித்தார். குசினியிலிருந்து பதில் வரவில்லை.